காவலும் ஒரு கல்வி

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2024ஆம் ஆண்டு நடத்திய தொகுதி 4 தேர்வில் கிராம நிருவாக அலுவலர், இளநிலை உதவியாளர் ஆகிய பணிகளுடன் வனக்காப்பாளர், வனக்காவலர் பணிகளும் இடம்பெற்றன. ஒரே வினாத்தாளை எழுதியவர்களுள் ஒருவர் அலுவலகத்திற்கும் மற்றொருவர் மலைக்காட்டிற்கும் செல்கின்றனர். இதனால் வனக்காப்பாளர் பணியையும் ஏதேனும் ஓர் அரசு வேலையாகவே கருதும் மனப்போக்கு காணப்படுகிறது. அது பொருந்தாது. காட்டை அறிதலே இப்பணியின் அடிப்படை. அவ்வறிவு வளர இடமில்லையெனில் காவல் வெறும் சீருடையாகச் சுருங்கிவிடும்.

தகுதியும் தேர்வும்

மேல்நிலைக் கல்வியில் இயற்பியல், வேதியியல், உயிரியல், விலங்கியல், தாவரவியல் ஆகியவற்றுள் ஒன்றையேனும் பயின்று தேர்ச்சி பெற்றவர் வனக்காப்பாளர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வில் வென்றவர்களின் உடல்தகுதியும் நடைத்திறனும் சோதிக்கப்படும். ஆண்கள் 25 கிலோமீட்டரையும் பெண்கள் 16 கிலோமீட்டரையும் நான்கு மணி நேரத்தில் நடந்து முடித்தல் வேண்டும். பணியில் சேர்வோர் பயிற்சி பெறுவதற்கு வைகை அணையில் வனப் பயிற்சிக் கல்லூரி உள்ளது. வனக்காப்பாளர் காலப்போக்கில் வனவராகவும் அதற்கு மேலும் உயர வழியுண்டு. ஆயினும், நடைத்திறனும் நினைவாற்றலும் பணிக்குள் நுழையவே உதவும். காட்டறிவைக் காட்டில்தான் பெற இயலும்.

பழனிமலை கற்பிக்கும் பாடம்

கொடைக்கானல் வனவுயிரினச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 608 சதுர கிலோமீட்டர். அங்குச் செல்லும் பயணி, பைன், தைலமரம், வாட்டில் ஆகியவற்றின் அடர்த்தியைக் கண்டு காடு செழித்திருப்பதாக மகிழ்கிறார். உண்மையில் அவை அயல்மரங்கள். தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலைகளின் மரக்கூழுக்காகவும் அவற்றுட் பல கடந்த நூற்றாண்டில் பெருமளவில் நடப்பட்டன. மலைமடிப்புகளில் சோலைக்காடும் சரிவுகளில் புல்வெளியும் விரிந்திருப்பதே அம்மலையின் இயல்பு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சி 2018இல் பூத்தது அத்தகைய சரிவுகளில்தான். மழைநீரைத் தேக்கிச் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுவன புல்வெளியும் சோலையுமே. பழனி வட்டாரத்தின் வரதமாநதி, பாலாறு பொருந்தலாறு அணைகளுக்கு நீர் தருவதும் இம்மலையே.

பசுமையெல்லாம் காடன்று என்பதை உணராத காவலர், புல்வெளியை விழுங்கும் வாட்டில் கன்றையும் காடென்றே காத்து நிற்பார். வாட்டில் விதை மண்ணுள் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, தீயின் வெப்பம் பட்டபின் மிகுதியாக முளைக்கும் இயல்புடையது. எனவே கோடைக்கு முன்னரே தீத்தடுப்புக் கோடுகளை அமைப்பதும், புகையைத் தொலைவிலேயே கண்டறிவதும், காற்றின் திசையறிந்து தீயை அணைப்பதும் புல்வெளியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் செயல்கள். கொடைக்கானல் நகரத் தெருவில் காட்டுமாடு நுழையும்போது, விலங்கைச் சினமூட்டாமலும் மக்களை அச்சுறுத்தாமலும் விலக்கிவிடுவதும் இவ்வகை அறிவே.

செய்ய வேண்டுவன

இப்பணியின் இடர்கள் மறுக்கத்தக்கன அல்ல. குடும்பத்தைப் பிரிந்த தனிமை, இரவுச் சுற்று, காட்டுத்தீ, விலங்குகளின் தாக்குதல் ஆகியவற்றை எண்ணிப் பெற்றோர் தயங்குவது இயல்பு. ஒரு பகுதியின் தடங்களையும் நீர்நிலைகளையும் ஒருவர் அறிந்து முடிக்கும் வேளையில் அவரை வேறிடத்திற்கு மாற்றினால், அவர் ஈட்டிய அறிவு அவ்விடத்திற்குப் பயன்படாது போகிறது. பாதுகாப்புக் கருவிகளும் தங்குமிட வசதியும் தருவதோடு, பணிக்காலத்திலேயே தாவரவியலும் விலங்கியலும் மேற்கொண்டு பயில வழிசெய்தல் வேண்டும். பதவி உயர்விலும் காட்டறிவுக்கு உரிய மதிப்பு அளித்தல் வேண்டும்.

இம்மலையில் தலைமுறைகளாக வாழும் பளியர், தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் காட்டை அறிந்தவர்கள். பழங்குடியின இளைஞர்களுக்கெனத் தனியே வனக்காவலர் பணியிடங்கள் ஒதுக்கப்படுவது வரவேற்கத்தக்கது. எனினும், வேட்டைத் தடுப்புக் காவலர் பலர் தொகுப்பூதியத்தில் பணிபுரியும் நிலை மாறவேண்டும். காட்டை நன்கறிந்தவர் தற்காலிகப் பணியாளராகவும், இனிமேல்தான் அறியவேண்டியவர் நிலையான பணியாளராகவும் இருப்பது முறையன்று. இருவரும் ஒருவரிடம் ஒருவர் கற்கும் சூழல் அமைதல் வேண்டும்.

இன்று தாவரவியல் பயிலும் மாணவர், நாளை இத்தேர்வை எழுதக்கூடும். ஊதியமும் பணிப்பாதுகாப்பும் கருதி அவர் வருவதில் தவறில்லை. ஆனால் பாடநூலில் படித்த செடியை மலைச்சரிவில் அடையாளம் காணும் ஆர்வம் அவரிடம் இருத்தல் வேண்டும். அவ்வார்வம் தளராமல் வளரத் துணைநிற்பது அரசின் கடமை. அதன் பயன், மலையடிவார வயல்வரை சென்றுசேரும்.