மலைச் சைக்கிளுக்கு ஒரு விளக்கு

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறி, அப்பால் ஆலத்தூர் நாட்டின் சிற்றூர்களுக்குப் பிரியும் பாதைகளில் இரவிலே சைக்கிளில் பிரயாணம் செய்கிறவருக்கு, தம் விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்பதைக் காட்டிலும், எந்தச் சமயத்தில் அது கைவிடும் என்பதே முக்கியமான கேள்வியாகும்.

நம் சைக்கிள்களில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்த டைனமோ சமவெளிக்கே உரிய சாதனம். டயரின் பக்கவாட்டில் உராய்ந்து சுழன்று, 6 வோல்ட்டில் 3 வாட் சக்தியை உண்டாக்கி, 2.4 வாட்டை முன்விளக்குக்கும் 0.6 வாட்டைப் பின்விளக்குக்கும் பகிர்ந்தளிக்கும் அச்சிறு யந்திரம், சமதளச் சாலையில் சீராக மிதிப்பவருக்கு உற்ற துணையாக இருந்தது உண்மையே. ஆனால் ஏற்றத்தில் வேகம் குறையக் குறைய ஒளியும் சிவந்து மங்குகிறது; பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றாலோ, தாம் அங்கே நிற்பதைப் பிறர் அறியவேண்டிய அந்தக் கணத்திலேயே முற்றும் அணைந்துபோகிறது; மழையில் நனைந்த டயரில் அதன் உருளை வழுக்கவும் செய்கிறது. ஆகவே மலைவாசிக்குப் பாட்டரி விளக்கே தகும் என்பது என் துணிபு.

அதிலும் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட லூமன் கணக்கை, அதாவது விளக்கு உமிழும் மொத்த ஒளியின் அளவை, கண்டு மயங்கலாகாது. டார்ச்சைப் போல் வட்டமாகச் சிதறும் ஒளி, பனிமூட்டத்தின் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி, ஓட்டுபவரின் கண்முன்னே வெண்திரையாகிவிடும். 2013 வரை டைனமோவைக் கட்டாயமாக்கியிருந்து, பின்னர் பாட்டரி விளக்கை அனுமதித்த ஜெர்மனியின் விதிகள் கேட்பது லூமனை அன்று. 10 மீட்டர் தொலைவில் 10 லக்ஸ் வெளிச்சமாவது விழவேண்டும், எதிரே வருபவர் கண் கூசவும் கூடாது என்பதையே. இறக்கத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகமென்றால் வினாடிக்கு 8 மீட்டருக்கு மேல் ஓடுகிறோம். ஈரமான இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை உடனே பிடிக்காதாகையால், ஒளி தரையில் நெடுந்தூரம் படர்ந்து விழுவது அவசியம். மழைக்கு ஈடுகொடுப்பதும், கரண்ட் இல்லாத நாளில் கடையில் வாங்கிய செல்லை மாற்றிக்கொள்ளத்தக்கதுமான விளக்கு, விலை சற்று அதிகமானாலும், உசிதமானது.

பின்விளக்கைப் பற்றி நாம் காட்டும் அலட்சியமே என்னை மிகவும் வருத்துகிறது. சைக்கிளுக்கான ஒளிதிருப்பிகளின் தரத்தை நிர்ணயித்து மத்திய அரசு 2020-இல் ஆணை பிறப்பித்தது நற்காரியமே. எனினும் ஒளிதிருப்பி தன்மேல் வெளிச்சம் பட்டால்தான் மின்னும். கொண்டை ஊசி வளைவில் திரும்பும் லாரியின் முகவிளக்கோ, பாதையின் வளைவைப் பின்பற்றாமல் பள்ளத்தாக்கையும் பாறையையும் நோக்கி வீசுகிறது. வளைவுக்கு அப்பால் செல்லும் சைக்கிளின்மேல் அது விழும்போது இடைவெளி மிகவும் குறுகியிருக்கும். தானே எரியும் சிவப்பு விளக்கொன்றுதான் அங்கே உயிரைக் காக்கும். அதுவும் நிலையாக எரிவதே மேல். விட்டுவிட்டு மினுக்குவது கவனத்தை ஈர்க்குமாயினும், தூரத்தைக் கணிக்க விடாது.

2001-02-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிப் பின்னர் பிறருக்கும் விரிவாக்கப்பட்ட தமிழக அரசின் விலையில்லாச் சைக்கிள் திட்டத்தில், மலைப்பள்ளிகளின் பிள்ளைகளுக்கேனும் முதலில் இத்தகைய விளக்குகள் இரண்டையும் சைக்கிளோடு சேர்த்தே வழங்க அரசு முன்வர வேண்டும்.