தொழுவத்தில் ஒரு விமானம்

சூலக்கரையில் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆபீஸ் அன்பர்களே, வயிறெரியத் தயாரா? அமெரிக்காவில், ஃப்ளோரிடாவின் ஸ்ப்ரூஸ் க்ரீக்கில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளத்தைச் சுற்றி வீடுகள். நாம் ஸ்கூட்டர் நிறுத்துகிற மாதிரி, வீட்டை ஒட்டிய கொட்டகையில் விமானம்! கலிஃபோர்னியாவின் கேமரன் பார்க்கில் தெருவே 100 அடி அகலம். இறக்கை இடிக்குமென்று பெயர்ப்பலகைகளைக் குள்ளமாக நட்டிருக்கிறார்கள். எதிரே விமானம் வந்தால் கார்தான் ஒதுங்கணும்.

நமக்குத்தான் பட்டாசு ஜில்லா புத்தியாச்சே! டாங்க் நிறைய பெட்ரோலோடு விமானம் இந்தப் பக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தூங்குகிறார்கள். இங்கே மருந்து கலக்கும் ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் இடைவெளி விடணும் என்று சட்டம். வீட்டில் வைத்துப் பட்டாசு உருட்டினால் போலீஸ் வரும். ஏன் என்று சிவகாசியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஓசியில் விமானம் கொடுத்தாலும் நான் தள்ளி, வேப்பமரத்தடியில்தான் நிறுத்துவேன்.