காபி கூலி ஆகாது

"நாலு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எஸ்டிமேட் வாங்குங்க, இலவசம்தானே!" புதுச்சேரி கடற்கரையில் என்னோடு காலையில் நடக்கும் நண்பர்கள் எல்லோரும் சொல்லும் யோசனை இது. நானும் சொன்னவன்தான். இன்று அது அநியாயம் என்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பழைய வீட்டுக்கு வயரிங் மாற்ற ஒருவரை அழைத்தேன். ஏணியோடு வந்தார். மெயின் போர்டைத் திறந்தார், ஒவ்வொரு பிளக்கிலும் எர்த் வருகிறதா என்று பார்த்தார், டேப் வைத்து அளந்தார். ஒன்றரை மணி நேரம். ஏசிக்குத் தனியாக 4 ஸ்கொயர் எம்எம் வயர், ஆர்சிசிபி, புது எர்த் குழி என்று எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடுத்தார். நான் காபி கொடுத்து அனுப்பினேன்.

பிறகு வெட்கமில்லாமல் அந்தத் தாளை இன்னொருவரிடம் போனில் படித்தேன். வீட்டைப் பார்க்காமலே எட்டாயிரம் குறைத்துச் சொன்னார். வேலை அவருக்குப் போயிற்று. இரண்டாவது கோடையில் ஒரு நடு இரவு, கருகல் வாடையில் என் மனைவி விழித்துக்கொண்டாள். ஏசி பிளக் உருகியிருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஓடியது 1.5 வயர். அந்த எட்டாயிரம் எங்கே குறைந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

நான் அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் ஃபைல் பார்த்தவன். அங்கே எஸ்டிமேட் போடும் ஜூனியர் என்ஜினீயருக்கு, வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாதச் சம்பளம் உண்டு. எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் ஏன் காபி?

"வேலை கிடைக்கும் என்றுதானே வருகிறார்?" என்பீர்கள். சரி. மூன்று வீட்டில் வெறுங்கையோடு திரும்பினால், அந்தப் பெட்ரோலும் நேரமும் நாலாவது வீட்டுக்காரர் பில்லில்தான் ஏறும். இல்லையென்றால் அடுத்தமுறை வராமலே போனில் குத்துமதிப்பாக ஒரு தொகை சொல்வார். இலவசமாகக் கேட்டால் குத்துமதிப்புதான் கிடைக்கும்.

கான்ட்ராக்டர்களையும் விடமாட்டேன். விசிட்டிங் கார்டின் பின்புறம் "பாயிண்ட்டுக்கு இவ்வளவு" என்று கிறுக்குவது எஸ்டிமேட் ஆகாது. பாதி வேலையில் "இது அதில் சேராது சார்" என்பதற்கு வைக்கும் வழி அது.

பிரெஞ்சில் இதற்கு 'தெவி' என்று பெயர். நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த சொல். பிரான்சில் வீட்டு ரிப்பேருக்கு வருபவர், தெவிக்குக் காசு உண்டா இல்லையா என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சாமான் அளவு, கூலி எல்லாம் அதில் எழுதியிருக்கும். இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் அதுவே ஒப்பந்தம்.

நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு பேரைக் கூப்பிடுங்கள், போதும். பார்வைக் கூலி எவ்வளவு என்று போனிலேயே கேளுங்கள். வேலை கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்ளலாம். வயர் அளவு, கம்பெனி, பாயிண்ட் எண்ணிக்கை, எர்த் எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். ஒருவர் எழுதிய தாளை இன்னொருவரிடம் காட்டாதீர்கள்.

முதலில் வந்தவரையே மறுபடி அழைத்தேன். பழசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேலையை முடித்துவிட்டுப் போனார். அன்றைய ஒன்றரை மணி நேரத்துக்கும் சேர்த்துக் கொடுத்தேன்; வாங்க மறுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.