பதில் வராத புகாரும் திரும்பி வரும் படமும்

பயனர்கள் ஏற்றும் படங்களைத் தாங்கி நிற்கும் இணையதளங்களுக்கு இந்தியாவில் இரண்டு சட்டங்கள் பாதுகாப்புத் தருகின்றன. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 79-ஆவது பிரிவில், பிறர் ஏற்றியதற்குத் தளம் பொறுப்பாகாது என்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தமும், தெரியாமல் நடந்த தற்காலிகச் சேமிப்பை மீறலாகக் கொள்வதில்லை. இரண்டுமே நிபந்தனையுடன் கூடியவை. படம் திருட்டு என்று தெரிந்த பிறகும் தளம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் பாதுகாப்பு போய்விடும்.

இந்த அடிப்படை நியாயமானது. ஏற்றப்படும் ஒவ்வொரு படத்தையும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், பெரிய நிறுவனங்கள் அதற்கான மென்பொருளை வாங்கிக்கொள்ளும். திண்டுக்கல்லில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் உள்ளூர்ச் செய்தித் தளம் மூடப்படும். மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தின் மீதான பதிப்புரிமை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2016 டிசம்பரில் எடுத்த நிலையும் இதுதான்: எந்தப் படைப்பு, எந்த இடத்தில் என்று குறிப்பாகத் தெரிந்த பிறகே பொறுப்பு தொடங்குகிறது. பொறுப்பு எப்போது தொடங்குகிறது என்பதில் குறை இல்லை. புகார் கொடுத்த பிறகு நடப்பதில்தான் இருக்கிறது.

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். சேலையை ஒரு பெண்ணுக்கு உடுத்தி, வெளிச்சம் பார்த்து, அவரே படம் எடுத்துத் தன் பக்கத்தில் போடுகிறார். அதே படத்தை முன்பின் தெரியாத ஒருவர் ஒரு விற்பனைத் தளத்தில் ஏற்றி, மலிவான அச்சுத் துணியை அந்தப் படத்தைக் காட்டி விற்கிறார். படத்தின் உரிமை எடுத்தவருக்கே. அதற்குப் பதிவு தேவையில்லை. எடுத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. அவர் தளத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்பினால், 2013-ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் 75-ஆவது விதிப்படி, புகாரில் தளத்துக்கு நிறைவு ஏற்பட்டால் 36 மணி நேரத்துக்குள் படத்தை மறைக்க வேண்டும்.

இதுவரை சரி. ஆனால் வழக்குத் தொடுத்து, 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணையைக் கொண்டுவந்து தருவேன் என்ற உறுதிமொழியையும் அவர் புகாரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆணை வராவிட்டால் தளம் படத்தை மீண்டும் காட்டலாம். அதே இடத்தில் உள்ள அதே படத்தைப் பற்றி அவர் மறுபடி எழுதினால் பதில் சொல்லும் கடமையும் தளத்துக்கு இல்லை. இத்தனைக்கும், படத்தை ஏற்றியவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியதில்லை. ‘இது என் படம்’ என்றோ, ‘அனுமதி வாங்கினேன்’ என்றோ யாரும் சொல்லாத நிலையிலும் உரிமையாளர்தான் நீதிமன்றப் படி ஏற வேண்டும்.

வழக்கைத் தன் ஊரிலேயே தொடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு இடம் தருகிறது. திண்டுக்கல் மாவட்ட நீதிமன்றமே போதும். இது பெரிய உதவிதான். ஆனால் வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், வேறு மாநிலத்திலோ வெளிநாட்டிலோ இருக்கும் தளத்துக்கு நோட்டீஸ், இவை எல்லாம் சேர்ந்தால் ஒரு சேலைப் படத்துக்காக யார் வழக்குப் போடுவார்கள்? மூன்று வாரத்துக்குள் இடைக்கால ஆணை பெறுவது பெரிய சினிமா நிறுவனத்துக்கு முடியும். திண்டுக்கல் பூ மார்க்கெட்டையும் மலைக்கோட்டையையும் விடிகாலையில் போய்ப் படமெடுக்கும் இளைஞருக்கு முடியாது. 17-ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் மீது யாருக்கும் பதிப்புரிமை இல்லை என்பதால் அதன் படமும் பொதுச்சொத்து என்று நினைத்து எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது தவறு. படம் தனிப் படைப்பு. எடுத்தவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும் அது அவருடையது.

அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம், யார் எப்போது வழக்குக்குப் போக வேண்டும் என்பதைச் சரியாகப் பிரித்திருக்கிறது. அங்கே புகார் வந்ததும் படம் இறங்குகிறது. ஏற்றியவருக்குத் தகவல் போகிறது. அவர் எழுத்துமூலம் மறுத்தால்தான் புகார்தாரர் வழக்குக்குப் போக வேண்டும். மறுக்கவில்லை என்றால் படம் இறங்கியபடியே இருக்கும். சிறு தொகை வழக்குகளுக்காக 2022 முதல் அங்கே தனி வாரியமும் இயங்குகிறது. இந்தியாவிலும் இந்த வரிசைதான் வேண்டும்: முதலில் ஏற்றியவரின் பதில், அதில் தகராறு இருந்தால் மட்டும் நீதிமன்றம். 21 நாள் கெடு விதியில் மட்டுமல்ல, சட்டத்திலேயே எழுதப்பட்டிருப்பதால் நாடாளுமன்றம்தான் இதைத் திருத்த முடியும்.

பொய்ப் புகார் பெருகும் என்ற எதிர்வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. போட்டிக் கடைக்காரரின் படத்தையோ, ஊழலைக் காட்டும் செய்திப் படத்தையோ முடக்கப் பதிப்புரிமையைச் சாக்காக்குபவர்கள் இருக்கவே செய்வார்கள். அதற்குத்தான் ஏற்றியவரின் பதில் உரிமை. உண்மையில் படம் எடுத்தவர் ஒரு வரி எழுதினாலே பாதுகாப்புக் கிடைத்துவிடும். ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக வழக்குப் போடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவும் இருக்கிறது. செய்திக்கும் விமர்சனத்துக்கும் சட்டம் ஏற்கெனவே தந்துள்ள விலக்குகள் அப்படியே நீடிக்கும்.

புகார் கொடுப்பவர்களுக்கும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கல்யாண போட்டோக்களில் உரிமை பெரும்பாலும் ஸ்டுடியோவுக்கு இல்லை. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன குடும்பமே, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, முதல் உரிமையாளர் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. மணப்பெண்ணின் படத்தை யாராவது விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டால் புகார் எழுத வேண்டியது அந்த வீட்டார்.

சட்டம் திருந்தும்வரை தளங்கள் காத்திருக்கத் தேவையில்லை. 21 நாட்களுக்குப் பின் படத்தை மீண்டும் காட்டலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. காட்டியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஏற்றியவர் பதில் தராத படத்தைத் திரும்பப் போடுவதில்லை என்று ஒவ்வொரு தளமும் இன்றே தன் விதிகளில் எழுதிக்கொள்ளலாம். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிடுவது கட்டாயம். அதைத் தேடி அலைய வேண்டியிராத இடத்தில், தமிழில் நிரப்பக்கூடிய படிவத்தோடு வைக்க வேண்டும். திரும்பத் திரும்பப் பிறர் படத்தை ஏற்றும் கணக்குகளை முடக்க வேண்டும்.

ஆட்கள் உட்கார்ந்து படத்தைத் தேர்ந்தெடுத்து, ஓரத்தில் இருக்கும் ஸ்டுடியோ பெயரை வெட்டி, தலைப்புக் கொடுத்து வெளியிடும் தளம் ‘பயனர் ஏற்றியது’ என்று தப்பிக்கக் கூடாது. 79-ஆவது பிரிவின் பாதுகாப்பு, உள்ளடக்கத்தைத் தானே தேர்வு செய்யாத, மாற்றாத தளத்துக்கு மட்டுமே. உரிமையாளரை அடையாளம் காட்டும் தகவலைத் தெரிந்தே அழிப்பது, பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65பி பிரிவின்படி இரண்டு ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். காவல்துறை இந்தப் பிரிவின் கீழ் வரும் புகார்களை உரிமையியல் தகராறு என்று திருப்பி அனுப்பாமல் பதிவுசெய்ய வேண்டும்.