பொங்காலைக்குத் தேதி உண்டு, ஓடைக்கு?

2024 ஜூலை 13, சனிக்கிழமை. திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தண்டவாளங்களுக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் ஓடையில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை, மழையில் திடீரெனப் பெருகிய தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. தீயணைப்புப் படை, தேசியப் பேரிடர் மீட்புப் படை, கடற்படையினர், ரோபோ என எல்லாம் வந்தன. தண்டவாளத்துக்குக் கீழே இருக்கும் குகைவழியில் ஆள் நுழைய முடியாதபடி பிளாஸ்டிக்கும் சேறும் இறுகிக் கிடந்தன. திங்கட்கிழமை காலை தகரப்பறம்பு பக்கம் உடல் மிதந்தது.

உடல் கிடைப்பதற்கு முன்பே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. ரயில்வே நிலத்துக்குள் இருப்பதை ரயில்வேதான் சுத்தம் செய்ய வேண்டும் என்றது மாநகராட்சி. ஊர்க் குப்பை மிதந்து வந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்றது ரயில்வே. நீர்ப்பாசனத் துறையின் பெயரும் இடையில் அடிபட்டது. உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. யார் சொன்னதையும் முழுப் பொய் என்று தள்ளிவிட முடியவில்லை. ஒரே ஓடை, மூன்று அலுவலகம். எங்கே ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் வேலை தொடங்குகிறது என்பதை ஓர் உயிர் போகும்வரை யாரும் உட்கார்ந்து எழுதி வைக்கவில்லை.

இதே ஊர் ஆண்டுக்கு ஒருமுறை இதைவிடப் பல மடங்கு பெரிய வேலையை முடித்துக் காட்டுகிறது. கும்ப (மாசி) மாதத்துப் பூர நட்சத்திரத்தில் வரும் ஆற்றுகால் பொங்காலை. ஆற்றுகால் அம்மையைக் கண்ணகியாகவே பார்க்கும் மரபு இருப்பதால் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்தும் நம் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். 2009-இல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸ் பதிவு செய்தது. கோயிலில் பண்டார அடுப்பு மூட்டப்பட்டதும் தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி, கிலோமீட்டர் கணக்கில் தெருக்களில் பரவுகிறது. மூன்று செங்கல், ஒரு மண்பானை, பச்சரிசி, வெல்லம், தேங்காய். பிற்பகலில் நிவேத்தியம் முடிந்து கூட்டம் கலைய ஆரம்பித்ததுமே துப்புரவுப் பணியாளர்கள் இறங்கிவிடுகிறார்கள். சூடு ஆறாத செங்கற்கள் லாரி ஏறி, வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டப் போகின்றன. இரவுக்குள் தெருக்களைக் கழுவியும் விட்டுவிடுகிறார்கள்.

பக்தி என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடலாம். ஆனால் பக்தி கூட்டத்தைத்தான் கூட்டும். தண்ணீர்க் குழாயையும் கழிப்பறையையும் கொண்டுவந்து வைக்காது. மாதக்கணக்கில் முன்பே ஆய்வுக் கூட்டங்கள் நடக்கின்றன. குடிநீர் வாரியம், காவல் துறை, சுகாதாரத் துறை, அரசுப் பேருந்துக் கழகம், ரயில்வே என ஒவ்வொன்றுக்கும் தன் பங்கு என்ன என்பது தெரியும். குடியிருப்போர் சங்கங்கள் தண்ணீரும் நிழலும் தருகின்றன. பள்ளிவாசலும் தேவாலயமும் தங்கள் வளாகத்தைத் திறந்துவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாகத் தேதி ஒன்று இருக்கிறது, அது யாருக்காகவும் தள்ளிப்போகாது. அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் எல்லாரும் வேலை செய்கிறார்கள். கொரோனா காலத்தில், 2021-இலும் 2022-இலும், பொங்காலை வீட்டு வாசலோடு சுருங்கியது. அப்போதும் தேதி மாறவில்லை, வேலையின் எல்லையைத்தான் குறைத்தார்கள்.

திட்ட மேலாண்மைப் பாடநூல்கள் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். ஹென்றி கான்ட் தன் அட்டவணையைப் பரப்பி நூறாண்டுக்கு மேல் ஆகிறது. வேலைகளின் வரிசையைக் காட்டும் பெர்ட் வலைப்படம் 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைக்காக உருவானது. இந்த ஊருக்கு இதெல்லாம் அந்நியமான சரக்கும் அல்ல. அப்துல் கலாமைத் திட்ட இயக்குநராகக் கொண்டு எஸ்.எல்.வி-3 உருப்பெற்றது இங்கே உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில்தான். முதல் முயற்சி 1979 ஆகஸ்டில் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18-இல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது. ராக்கெட்டோ ஓடையோ, தொடங்குவதற்கு முன் தாளில் ஏற வேண்டியவை சிலதான்: எதற்காக இந்த வேலை, எதுவரை நம் எல்லை, எந்தப் பகுதிக்கு யார் பெயர், எது முடிந்தால் எது தொடங்கலாம், எது கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. இவற்றோடு, இந்த வேலையால் பாதிக்கப்படுகிறவர்களை ஆரம்பத்திலேயே கூப்பிட்டுப் பேசினோமா என்பதும் உண்டு. நாம் சறுக்குவது பெரும்பாலும் இந்தக் கடைசி இடத்தில்தான்.

விளப்பில்சாலையை மறந்திருக்க மாட்டோம். நகரத்தின் குப்பைக்கு ஊருக்கு வெளியே ஓர் ஆலை, 2000-இல் இயங்கத் தொடங்கியது. நகரத்துக்கு அது தீர்வு. அங்கே இருந்தவர்களுக்கோ நாற்றம், ஈ, ஓடையில் கலக்கும் கழிவுநீர். பொறுத்துப் பார்த்த ஊராட்சி 2011 டிசம்பரில் வாசலைப் பூட்டியது. நீதிமன்ற உத்தரவும் போலீஸும் வந்த பிறகும் மக்கள் சாலையில் படுத்து மறித்தார்கள். ஆலை மறுபடி திறக்கவே இல்லை. அங்கே தோற்றது இயந்திரம் மட்டுமல்ல, திட்டத்தின் முதல் பக்கமும்தான். விளப்பில்காரர்களின் சம்மதத்துக்கு அதில் இடமே ஒதுக்கப்படவில்லை.

2015-இல் வந்த ஆபரேஷன் அனந்தா வேறு விதம். தம்பானூரும் கிழக்கே கோட்டையும் ஒவ்வொரு மழைக்கும் முழங்கால் தண்ணீரில் நின்ற காலம். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் கையில் எடுத்து, வடிகால்மேல் எழுந்திருந்த ஆக்கிரமிப்புகளை அகற்றினார்கள். ஊரே கைதட்டியது. பிறகு வேகம் தணிந்தது. 2023 அக்டோபர் மழையில் நகரம் மறுபடி மூழ்கியது. பேரிடர்ச் சட்டம் ஒரு வேலையைத் தொடங்கிவைக்கும். பத்தாவது ஆண்டில் யார் வாருகால் தூர்வாருவார்கள் என்று அது சொல்லாது.

ஓடையைக் காப்பது எல்லோருடைய பொறுப்பு என்று மேடையில் பேசுவது சுலபம். எல்லோருடையது என்றால் நடைமுறையில் யாருடையதும் இல்லை. தவிர, வரி வாங்கும் அலுவலகங்கள் கைகழுவிக்கொள்ளவும் அது நல்ல வழி. ஆகவே பொறுப்பைப் பகிர்வதென்றால் பெயர் போட்டுப் பிரிக்க வேண்டும். தம்பானூரிலிருந்து கண்ணம்மூலை வழியாக ஆக்குளம் காயல்வரை ஓடையைத் துண்டு துண்டாக அளந்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அதிகாரி, ஒரு வார்டு உறுப்பினர், கரையோரத்துக் குடியிருப்போர் சங்கம் ஒன்று என எழுதிப் பலகையில் போடலாம். மொத்தத்துக்கும் பதில் சொல்ல ஒரே ஒருவர் வேண்டும். அவரை இடையில் மாற்றக் கூடாது. கழிவுக் குழாயை ஓடைக்குள் திருப்பிவிட்டிருக்கும் கட்டடங்களின் பெயரும் அந்தப் பலகையில் இருக்கட்டும்.

நம் பங்கும் இருக்கிறது. சாலைக் கடைத்தெருவில் தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தமிழர்கள் நிறைய. கடை அடைக்கும் நேரத்தில் தெர்மாகோல் பெட்டியும் பாலித்தீன் மூட்டையும் எங்கே போகின்றன என்பது நமக்குத் தெரியாத ரகசியம் அல்ல. வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதந்தோறும் கேட்கும் கட்டணத்துக்கு முகம் சுளிப்பவர்களிலும் நம்மவர்கள் உண்டு. பொங்காலையன்று வரும் அம்மாமார்களுக்கு மோர் ஊற்றும் கைகள், மறுநாள் இரவு பாலத்தின்மேல் நின்று மூட்டையை வீசுவதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளின் கையில் கொடுத்த மாநிலம் இது. ஆக, பேசி முடிவெடுக்கப் புதிதாக ஓர் அமைப்பு வேண்டாம், வார்டு சபை போதும். அங்கே முதலில் முடிவாக வேண்டியது நாள்கணக்கு. தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதி ஜூன் தொடக்கத்தில் வந்துவிடும், அதற்கு முன்பே கோடை மழை உண்டு. எனவே தூர்வாரல் ஏப்ரலுக்குள் முடிய வேண்டும். நடுவில் பொங்காலை வந்து மாநகராட்சியின் ஆட்களையும் வண்டிகளையும் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் ஜனவரியிலேயே வேலை தொடங்க வேண்டும், டெண்டர் டிசம்பரில் முடிய வேண்டும், அளவெடுப்பு அக்டோபரில் நடக்க வேண்டும். தண்ணீர் வரத்தைக் கண்காணிக்க ஆள் இல்லாமலோ, மேகம் கறுத்திருக்கும்போதோ ஒருவரையும் குகைவழிக்குள் இறக்கக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

இன்னொரு கேள்வி எப்போதும் கடைசியில்தான் எழுகிறது: அள்ளிய சேற்றை எங்கே கொட்டுவது? கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் முதல் மழைக்கே அது மறுபடி ஓடைக்குள் சரிந்துவிடும். லாரியில் ஏற்றினால் அது போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் லாரியோடு ஏப்ரலில் போய் நிற்காமல், அளவெடுக்கும் அக்டோபரிலேயே போய்க் கேட்க வேண்டும்.