வழக்காளியே அளவைச் சங்கிலியைப் பிடிப்பதா?

ஐக்கிய அமெரிக்காவின் இராஜாங்கச் செயலாளர் என்றால் அந்நிய நாடுகளோடு உறவு பேசும் அமைச்சர் என்பது நாம் அறிந்ததே. ஆனால் அந்நாட்டின் மாநிலங்கள் பலவற்றில் இதே பெயருடன் வேறோர் உத்தியோகத்தர் இருக்கிறார். மாநில முத்திரையைக் காப்பதும், சட்டங்களைப் பதிந்து வைப்பதும், கம்பெனிகளைப் பதிவு செய்வதும், பல இடங்களில் நொத்தாரிசுமாரை நியமிப்பதும் அவர் கடமைகள். இவற்றிலே நமக்கு வழக்கில்லை. பெரும்பாலான மாநிலங்களில் தேர்தலுக்கும் அவரே தலைமை அதிகாரி. அவரோ பெரும்பாலும் கட்சி வேட்பாளராக நின்று வென்றவர். வழக்கு இங்கேதான் பிறக்கிறது.

பிரிவினை வழக்கொன்றில் காணியை அளக்க வந்த நில அளவையாளர் வழக்காளியின் மைத்துனர் என்று தெரிந்தால், நம் கமக்காரர் வேலியருகே வாளாவிருப்பாரா? அளவு சரியா பிழையா என்று அவர் ஆராயமாட்டார்; சங்கிலியை நிலத்தில் வைக்கவே விடமாட்டார்!

2000ஆம் ஆண்டு புளோரிடாவில் ஜோர்ஜ் புஷ்ஷுக்கு 537 வாக்குகள் அதிகம் என்று அத்தாட்சிப்படுத்திய செயலாளர் கதரின் ஹரிஸ், அம்மாநிலத்தில் அதே புஷ்ஷின் பிரசாரக் குழுவின் இணைத் தலைவர். பாம் பீச் பகுதியின் மறு எண்ணிக்கை தவணை கடந்து சில மணி நேரத்தில் முடிந்தது. அவர் அதை ஏற்க மறுத்தார். சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். தோற்றவன் அதை எப்படி நம்புவான்?

2018இல் ஜோர்ஜியாவில் செயலாளர் பிறையன் கெம்ப் ஆளுநர் பதவிக்குத் தாமே போட்டியிட்டார். அவருடைய அலுவலகத்தில் ஏறத்தாழ 53,000 பேரின் வாக்காளர் பதிவு விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்தன. பெரும்பான்மை கறுப்பின மக்களுடையவை. தேர்தல் முடிந்த பின்னரே அவர் பதவி துறந்தார். இது குடியரசுக் கட்சிக்கு மாத்திரம் உரிய நோய் என்று எவரும் மகிழவேண்டாம். 2022இல் அரிசோனாவில் ஜனநாயகக் கட்சியின் கேற்றி ஹொப்ஸ், செயலாளராக இருந்துகொண்டே ஆளுநர் தேர்தலில் வென்று, அந்த முடிவுக்குத் தாமே அத்தாட்சியும் வழங்கினார்.

வாக்கை எண்ணுவோர் உள்ளூர் அதிகாரிகள். செயலாளர் தொகுப்பவரே என்று வாதிடுவோர் உளர். வாக்காளர் பதிவுக்கு விதி வகுப்பவர் யார்? தவணைக்குப் பிந்திய கணக்கை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்ப்பவர் யார்? அளவைப்படத்தில் கையொப்பமிடுபவர் சங்கிலியைத் தாம் தொடவில்லை என்று சொல்லித் தப்பமுடியாது.

இன்னொரு வாதம் இதனினும் வலிது. 2021 ஜனவரி 2ஆம் நாள், தோல்வியுற்ற ஜனாதிபதி ட்ரம்ப், ஜோர்ஜியாவின் செயலாளர் பிராட் ரபென்ஸ்பேர்கரைத் தொலைபேசியில் அழைத்து 11,780 வாக்குகளைக் ‘கண்டுபிடிக்க’ வேண்டினார். இருவரும் ஒரே கட்சியினர். அவர் இணங்கவில்லை. ‘பார்த்தீர்களா, முறை நன்றே வேலை செய்தது!’ என்கிறார்கள். வேலை செய்தது முறையன்று, ஒரு மனிதரின் முதுகெலும்பு. அடுத்த செயலாளருக்கும் அது இருக்கும் என்பதற்குப் பிணை எங்கே? அவ்வாண்டே ஜோர்ஜியாச் சட்டசபை, மாநிலத் தேர்தல் சபையின் தலைமையை அவரிடமிருந்து பறித்தது.

மாற்று வழி இல்லாமலில்லை. விஸ்கொன்சின் மாநிலத்தில் தேர்தலைச் செயலாளரிடம் விடாது, கட்சி சாராத முன்னாள் நீதிபதிகள் அறுவரைக் கொண்ட சபையிடம் ஒப்படைத்திருந்தார்கள். 2016இல் அச்சபையைக் கலைத்து, கட்சிக்காரரும் அமரக்கூடிய ஆணைக்குழு ஒன்றை வைத்தவர்கள் கட்சி அரசியல்வாதிகளே.