சென்னையில் அச்சேறிய கனவு

 

அறிவியல் புனைகதைகளையும் மாயப் புனைகதைகளையும் பற்றி எழுதவிருப்பதாகச் சென்ற திங்கள் இப்பகுதியின் இறுதியில் குறிப்பிட்டிருந்தேன். அதனைக் கண்ணுற்ற சகோதரி ஒருவர் மடல் விடுத்துள்ளார். "குடும்பத்தார் அனைவரும் படிக்கும் ஏட்டில் ஜின்னும் பறக்கும் வண்டியும் எதற்கு? நடவாத கதைகளைப் படிப்பதால் நம் பெண் மக்களுக்கு என்ன பயன்?" என்பது அவர்தம் வினா. அது சினத்தில் எழுந்த மடலன்று. வயதுக்கு வந்த மகளைப் பெற்ற ஒரு தாயின் கவலை அதிலே தெரிகின்றது. எனவே அவருக்கு விடையளிப்பது போலவே இம்முறை எழுதுகின்றேன். ஏனையோரும் பொறுத்தருள்க.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, மேலட்டை கிழிந்துபோன 'ஆயிரத்தொரு இரவுகள்' கதைப்புத்தகம் ஒன்று என் கைக்குக் கிட்டியது. அடுப்படியில் அமர்ந்து அதனைப் படித்துக்கொண்டிருந்தேன். என் பெரியத்தா வந்தார்கள், ஒன்றும் பேசவில்லை, புத்தகத்தை வாங்கி அடுப்பிலேயே வைத்துவிட்டார்கள். அன்றிரவு அதே வீட்டில், அதே பெரியத்தா திண்ணையில் சாய்ந்திருக்க, என் நன்னி 'நூறு மசலா'வை இராகத்துடன் ஓதிக்கொண்டிருந்தார்கள். அரசிளங்குமரி ஒருத்தி நூறு புதிர்களைத் தொடுக்க, இளவரசன் ஒருவன் விடுவிக்கும் கதை அது. பெரியத்தா தலையை அசைத்து அசைத்துக் கேட்டார்கள். கிழவி பாடினால் கிஸ்ஸா, சிறுமி படித்தால் கேடு என்னும் அந்தக் கணக்கு எனக்கு இன்று வரை விளங்கவில்லை. பள்ளியில் முப்பதாண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பின்னும் விளங்கவில்லை.

முதலில் ஜின் கதைக்கு வருவோம். புதுவையில் கல்லூரியிற் பயிலும் என் மகள் வயிற்றுப் பேத்தி, விடுமுறைக்கு வந்தபோது தலையணை பருமனில் ஓர் ஆங்கில நாவலைக் கொண்டுவந்தாள். அமெரிக்கப் பெண்மணியான எஸ். ஏ. சக்ரவர்த்தி எழுதி 2017இல் வெளிவந்த 'தி சிட்டி ஆப் பிராஸ்' அது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பிரெஞ்சுப் படையினர் கைப்பற்றியிருந்த கெய்ரோ நகரிலே கதை தொடங்குகின்றது. நஹ்ரி என்னும் அநாதைப் பெண் பேயோட்டுவதாகவும் கைரேகை பார்ப்பதாகவும் கூறி மக்களை ஏமாற்றிப் பிழைக்கின்றாள். ஒருநாள் அவள் பாசாங்காகப் பாடிய பாட்டுக்கு மெய்யாகவே ஒரு ஜின் வந்து நிற்கின்றது. பின்னர்ப் பறக்கும் கம்பளம், பாலைவனம், தேவாபாத் என்னும் ஜின்களின் மாநகரம் எனக் கதை விரிகின்றது.

வழிப்பயணம் நெடுகிலும் எனக்குச் சலிப்புத் தட்டியது என்பதை மறைப்பதற்கில்லை. நூறு பக்கங்களையாவது குறைத்திருக்கலாம். ஆயினும் தேவாபாத் நகருக்குள் நுழைந்ததும் புத்தகத்தை மூட இயலவில்லை. அந்நகரிலே ஜின்களுக்கும் மனிதருக்கும் பிறந்த கலப்பினத்தார் 'ஷஃபித்' எனப்படுவோர். அவர்களுக்கு உரிமையில்லை, மருந்தில்லை, நகரை விட்டு வெளியேறவும் வழியில்லை. அலீ என்னும் இளவரசன் இரக்கத்தால் அவர்களுக்கு மறைவாகப் பணம் தருகின்றான். அப்பணம் எங்கே சென்று எதுவாக முடிகின்றது என்பதை அவன் அறியான். தருமம் செய்பவன் தன் தருமத்தின் போக்கை அறிய வேண்டாமா என்னும் வினாவை ஜின்களின் ஊரில் வைத்து எழுப்பியிருக்கின்றார் ஆசிரியர். இதைப் படித்தால் நம் பெண் மக்கள் கெட்டுப்போவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மேலும் ஒன்று. அந்நூலின் பெயர் அவருக்கு முன்பே நமக்குச் சொந்தமானது. ஆயிரத்தொரு இரவுகளில் 'மதீனத்துன் நுஹாஸ்', அதாவது தாமிரப் பட்டணம் என்னும் கதை உண்டு. சுலைமான் நபியவர்கள் அடைத்துவைத்த ஜின்களின் செப்புக் குடங்களைத் தேடி, கலீபா அப்துல் மலிக்கின் ஆணையால் அமீர் மூஸா பயணம் போன கதை அது. இதே பெயரில் ஒரு கதையை அரபுத்தமிழில் நமக்கு ஆக்கி வைத்தவர் யார் தெரியுமா? கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள். மார்க்கச் சட்ட நூல்களை எழுதிய அதே கைதான் தாமிரப் பட்டணத்தையும் எழுதிற்று. அப்பெரியாருக்குக் கதை கேடாகத் தோன்றவில்லை. மடல் எழுதிய சகோதரி இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்தது, நம்மில் பலர் வார இதழில் தொடராகப் படித்திருக்கக்கூடிய சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. எண்பதுகளில் ஆனந்த விகடனில் வந்தபோது வாரந்தோறும் காத்திருந்து படித்தேன். இவ்வாண்டு மீண்டும் படித்தேன். 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக அமைந்த கதையை அந்த ஆண்டுகள் கடந்த பின்னர்ப் படிப்பது தனியொரு சுவை. மக்களின் பெயர்கள் இரண்டெழுத்தில் அடங்க வேண்டும். குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். ஜீவா என்னும் தலைவர் திரையிலே தோன்றி ஆள்கின்றார். ஜீனோ என்னும் இயந்திர நாய் புத்தகம் படிக்கின்றது, நகைச்சுவை பேசுகின்றது. இன்று கைப்பேசிகள் நம்மோடு பேசுவதைக் காணும் பேத்திக்கு ஜீனோ வியப்பளிக்கவில்லை. அனுமதிச் சீட்டுக்காகக் காத்திருக்கும் நிலா என்னும் பெண்தான் அவளை அச்சுறுத்தினாள். எனக்கோ அன்று நாயே பெரிதாகத் தெரிந்தது! சுஜாதாவின் நடையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் மேலும் எழுத வேண்டுவதில்லை.

இனி, இத்திங்கள் நான் சொல்ல வந்த நூலுக்கு வருகின்றேன். நாவல் என்று சொல்லத்தக்க அளவு பெரிதன்று. ஒரே அமர்வில் படித்து முடிக்கலாம். பெயர் 'சுல்தானாஸ் ட்ரீம்', சுல்தானாவின் கனவு. எழுதியவர் வங்கத்தைச் சேர்ந்த பேகம் ரொக்கையா சகாவத் உசேன். வெளியிட்டதோ நம் சென்னை! கமலா சத்தியநாதன் அம்மையார் 1901இல் சென்னையில் தொடங்கி நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் ஆங்கிலத் திங்களிதழில் 1905ஆம் ஆண்டு இக்கதை வெளிவந்தது. எங்கள் பிரம்மதேசத்திலிருந்து பேருந்தில் அரைநாட் பொழுதிற் சென்றடையும் ஊரில், நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னே ஒரு முஸ்லிம் பெண்ணின் அறிவியல் புனைகதை அச்சாகியிருக்கின்றது. நானோ அதனை அறுபது வயது கடந்தபின் படிக்கின்றேன். 2024இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இது இடம்பெற்ற பின்னரே பேத்தி வாயிலாகப் பெயரையே கேள்வியுற்றேன். வெட்கமாகத்தான் இருக்கின்றது.

ரொக்கையா 1880இல், இன்றைய வங்காள தேசத்தின் ரங்கபூர்ப் பகுதியில் உள்ள பைராபந்த் என்னும் ஊரில் நிலவுடைமைக் குடும்பத்திற் பிறந்தவர். பெண்கள் வங்கமொழியோ ஆங்கிலமோ கற்பது அவ்வீட்டில் வழக்கமன்று. மூத்த சகோதரர் இப்ராகிம் சாபிர், வீட்டார் உறங்கிய பின்னர் விளக்கொளியில் தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தார். கணவர் சையத் சகாவத் உசேன் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். மனைவியின் கல்வியில் மகிழ்ச்சி கொண்டவர். அவர் அலுவல் பயணம் சென்றிருந்த நாளில் பொழுது போக்குவதற்காக ரொக்கையா இக்கதையை எழுதினார். திரும்பி வந்த கணவர் நின்றபடியே படித்து முடித்து, ஆண்கள் மீது கொடிய பழி தீர்த்துவிட்டாயே என்ற பொருள்பட வியந்தாராம். அடுப்பில் வைக்கவில்லை, அச்சுக்கு அனுப்ப இசைந்தார். சாபிரைப் போன்ற ஓர் அண்ணனும் சகாவத்தைப் போன்ற ஒரு கணவரும் வாய்த்திராவிட்டால் அந்தக் கனவு காகிதத்தில் வந்திருக்குமா?

கதை இதுதான். சாய்வு நாற்காலியிற் கண்ணயரும் சுல்தானாவைச் சகோதரி சாரா என்பவள் ஒரு நாட்டுக்கு அழைத்துச் செல்கின்றாள். பட்டப்பகலில் தெருவில் நடக்க நேர்ந்ததே எனச் சுல்தானா கூசுகின்றாள். எதிர்ப்படும் பெண்களோ, இவள் ஆண்களைப் போல நாணமும் அச்சமும் உடையவள் என்று கூறிச் சிரிக்கின்றார்கள்! அந்நாட்டில் ஆண்கள் அந்தப்புரத்துக்குள் இருக்கின்றார்கள், பெண்கள் நாடாளுகின்றார்கள். சமையற்கட்டில் புகையில்லை, கரியில்லை. சூரிய வெப்பமே அடுப்பு. முகிலிலிருந்து நீரைக் குழாய் வழியே இறக்கிக்கொள்வதால் வெள்ளமுமில்லை, வறட்சியுமில்லை. வானூர்தியில் ஏறி அரசியைக் காணச் செல்கின்றார்கள். ரைட் சகோதரர்கள் முதன்முதல் வானிற் பறந்தது 1903இல். இரண்டே ஆண்டுகளில், திரைக்குப் பின்னால் அமர்ந்த ஒரு பெண் விமானப் பயணம் எழுதுகின்றாள்.

இந்நிலை எவ்வாறு வந்தது? பெண்களுக்கெனத் தனியே இரு பல்கலைக்கழகங்கள் நிறுவப்பெற்றன. ஒன்று முகில் நீரை வசப்படுத்தியது. மற்றொன்று கதிரவனின் வெப்பத்தைச் சேமித்தது. ஆண்கள் அதனைக் கேலி செய்துகொண்டு படையைப் பெருக்கினார்கள். தன்னிடம் அடைக்கலம் புகுந்தோரை ஒப்படைக்க அரசி மறுத்ததால் பக்கத்து நாட்டான் போர் தொடுத்தான். ஆண்களின் படை தோற்றுக் களைத்தபோது, பல்கலைக்கழகத் தலைவி இரண்டாயிரம் மாணவியருடன் களம் புகுந்து, திரட்டி வைத்த வெப்பம் முழுவதையும் பகைவர் மீது திருப்பினாள். பகைவர் ஓடினர். கவனியுங்கள், போருக்குக் காரணம் மண்ணன்று, பொன்னன்று. அடைக்கலம் வந்தவரைக் கைவிடாமை.

சூரிய வெப்பத்தைக் குவிக்கும் எண்ணம் ரொக்கையா வானத்திலிருந்து பறித்ததன்று. 1878இலேயே பாரிசுக் கண்காட்சியில் மூஷோ என்பவர் சூரிய எந்திரத்தை இயக்கிக் காட்டினார். அதே ஆண்டு பம்பாயில் வில்லியம் ஆடம்சு என்னும் ஆங்கிலேயர், வெப்ப நாடுகளில் விறகுக்கு மாற்றாகச் சூரிய வெப்பம் என்று ஒரு நூலே வெளியிட்டார். அறிவியலின் நுனியைப் பிடித்துக்கொண்டு, அதனை யார் கையில் தருவது என்று கேட்டதுதான் ரொக்கையாவின் புதுமை.

குறையும் கூறுவேன். ஆண்களை அடைத்து வைப்பது நீதியாகுமா என்று என் பேத்தி கேட்டாள். ஆகாது. நம்மிடம் கண்ணாடியைக் காட்டி, இந்த முகம் உங்களுக்கு அழகாகத் தோன்றுகின்றதா என்று கேட்கின்றார் ஆசிரியர். ஓர் ஆட்சிக்குத் திட்டம் தீட்டவில்லை. அங்கதமாகப் படித்தால் நிறைவு. அரசியல் நூலாகப் படித்தால் குறை. கனவுக்குப் பின் அவர் செய்தது வேறு. கணவர் 1909இல் மறைந்ததும் பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார்; 1911இல் கல்கத்தாவுக்கு மாற்றி எட்டு மாணவியருடன் மீண்டும் தொடங்கினார். வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் மன்றாடிப் பிள்ளைகளைச் சேர்த்தார். 1932 டிசம்பர் 9ஆம் நாள் மறையும் வரை அதுவே அவர்தம் பணி. இரண்டாயிரம் மாணவியரைக் கனவு கண்டவர் எட்டுப் பேரைக் கொண்டு தொடங்கியிருக்கின்றார்.

இக்கதையைப் பேத்தி ஒருநாள் மாலையில் எங்கள் திண்ணையில் அமர்ந்து தமிழிற் சொல்லிக்கொண்டே வந்தாள். மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குச் செல்லும் பக்கத்து வீட்டு அம்மாளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விடியுமுன் புறப்பட்டுப் போய், வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் உப்பை வாரிக் கரையேற்றுபவர்கள். வெண்மை கூசிக் கூசி அவர்களுடைய கண்கள் எப்பொழுதும் சுருங்கியே இருக்கும். வெயில் குவிந்து படை ஓடிய இடத்தில், "வெயிலு அடுப்பு எரிக்கறது என்ன அதிசயம், டீச்சரம்மா? எங்களுக்கு அது உப்பே காய்ச்சித் தருதே" என்றார்கள். நானும் பேத்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடலோர நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலாலும் காற்றாலும் சுண்டவைத்துப் படிகமாக்கும் தொழில் நடக்கும் மண்ணில் வாழ்ந்துகொண்டு, சூரிய சக்தியை நாங்கள் வங்கத்துக் கதையிலே தேடிக்கொண்டிருந்தோம்.

அந்த நாட்டுப் பெண்கள் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே வேலை செய்வார்கள் என்று பேத்தி தொடர்ந்தாள். ஆண்கள் அலுவலகத்தில் சுருட்டுப் பிடிப்பதிலேயே ஆறு மணி நேரத்தைக் கழிக்கின்றார்கள் என்று சாரா கணக்கிட்டுக் காட்டுவாள். படிக்கும்போது நான் வாய்விட்டுச் சிரித்த இடம் அது. அம்மாள் சிரிக்கவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரெண்டு மணி நேரத்துல அவங்க உப்பை யாரு வாரிப் போடுவாங்க?" என்று கேட்டார்கள்.

அந்நாட்டில் உழவுக்கு மின்னாற்றல் உண்டு என்று ரொக்கையா எழுதியிருக்கின்றார். உப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பேத்தி மீண்டும் ஒருமுறை பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். "நீயே எழுதிடு பாப்பா, மழைக்காலத்துல வேலை இருக்காது, அப்ப வந்து கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு அம்மாள் எழுந்து சென்றார்கள்.

பேத்தி ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கி வைத்திருக்கின்றாள். மடல் எழுதிய சகோதரி தம் மகளிடம் இக்கதையைத் தரலாம்; படித்தபின் அம்மகளே எனக்கு மறுமடல் எழுதினால் மகிழ்வேன். அடுத்த திங்கள், இன்ஷா அல்லாஹ், கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை அவர்கள் 1885இல் எழுதிய 'அசன்பே சரித்திர'த்துடன் சந்திக்கின்றேன்.